பெட்டிக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டு நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பேன். பெட்டியோடு வந்த கையேட்டை முன்னட்டை முதல் பின்னட்டை வரை பார்த்த ஒரே ஆள் நான். படிக்கத் தெரியாத மொழிப் பக்கங்களில் படம் பார்த்தேன். இவ்வளவு ஞானத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாட்டுக்குத் துணி தேய்ப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

வாங்கிய அன்றே என் ஆட்சி தொடங்கிவிட்டது. 2,000 வாட் பெட்டி. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது என்று அறிவித்தேன். வீட்டில் 16 ஆம்பியர் பாயின்ட் கீசருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று. குளியலறையில் தேய்க்க முடியாது. ஏசி பாயின்ட் உத்தரத்தை ஒட்டி இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுத் துணிகள் கிரைண்டருக்குப் பக்கத்தில், சாம்பார் கொதிக்கிற அடுப்புக்குச் சற்றுத் தள்ளித் தேய்க்கப்படுகின்றன. சட்டையில் சுருக்கம் போய்விடும். பெருங்காய வாசனை வந்துவிடும்.

அடிக்கடி வரும் புகார் ஒழுகல். "ஏங்க, மறுபடி தண்ணி சொட்டுது. வாரன்டி இருக்கா பாருங்க" என்பாள் மனைவி. நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வாரன்டி எதற்கு? குனிந்து டயலைப் பார்ப்பேன். ஒரு புள்ளியில் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்குக் கணக்கு உண்டு. ஒன்று என்றால் அடித்தட்டின் சூடு சுமார் 110 டிகிரி செல்சியஸ், நைலான் போன்றவற்றுக்கு. இரண்டு புள்ளிக்கு 150. மூன்றுக்கு 200, அது பருத்திக்கும் லினனுக்கும். தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடித்தட்டின் மேலுள்ள அறையில் விழுந்து, விழுந்த மாத்திரத்தில் ஆவியாக வேண்டும். தட்டு சூடேறும் முன் விழுந்தது, காயாத தோசைக்கல்லில் தெளித்தது போலத் தண்ணீராகவே கிடந்து, ஓட்டை வழியாகத் துணியில் இறங்கிவிடும். டயலை இரண்டு புள்ளிக்கு மேல் வைத்து, விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு நீராவியைத் திறந்தால் ஒழுகாது.

இதை நான் காரண காரியத்தோடு சொல்லி முடிப்பதற்குள் மகள் குறுக்கிடுவாள். "அப்பா, தட்டு காய்ஞ்சே போச்சு. நீங்க முடிச்சிட்டீங்களா? பஸ் வந்துடும்."

அம்மாவின் புகார் நேர் எதிர். விளக்கு அணைந்ததும் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டியிருக்கின்றன, சூட்டில் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் நீள்வதால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது, ஆறியதும் நிமிர்ந்து மறுபடி சேர்க்கிறது என்றேன். "கும்பகோணத்துல பித்தளைப் பெட்டியில கரி போட்டுத் தேய்ச்சோம். அது வளையவும் இல்லை, நிமிரவும் இல்லை" என்றார் அம்மா. விடுவேனா? நியூயார்க்கில் ஹென்றி சீலி என்பவர் மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1882 ஜூன் மாதம். அதே ஊரில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் தரத் தொடங்கியது செப்டம்பரில்தான் என்று எடுத்துவிட்டேன். "கரன்ட்டு வர்றதுக்கு முன்னாடியே பெட்டி செஞ்சானா? உன்னை மாதிரி ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கான்" என்றார்.

இதெல்லாம் சில்லறை நோய்கள். பெரிய வியாதி சுண்ணாம்பு. நாங்கள் இருப்பது சென்னையின் தென்புறநகர். குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகிப் படியும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 தண்ணீரைக் கால் லிட்டர் தொட்டியில் ஊற்றினால், ஒவ்வொரு தொட்டிக்கும் 150 மில்லிகிராம் வரை உள்ளே தங்கும். ஏழு தொட்டிக்கு ஒரு கிராம். அம்மா உடனே வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார். அது வேறு சுண்ணாம்பு என்று விளக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் என் மச்சானைச் சொல்லாமல் தீராது. கோயம்புத்தூர்க்காரர். இதே மாதிரிப் பெட்டியைப் பல வருடமாக வைத்திருக்கிறார், சுத்தமே செய்ததில்லை, சுகமாக ஆவி விடுகிறது. "எங்க அண்ணன் கைராசி" என்கிறாள் மனைவி. கைராசியாவது! அவர் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி. உப்பு மிகக் குறைந்த மலைத்தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்ட பெட்டி ஏன் அடைத்துக்கொள்ளப் போகிறது? இதைச் சொன்னபோது, "அதையும்தான் அண்ணன் பார்த்துப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்" என்று பதில் வந்தது. அவர் பிறந்ததே அங்கேதான்.

ஆவி வரும் ஓட்டைகளில் வெள்ளைத் துகள் எட்டிப் பார்த்ததும் சிகிச்சையை அறிவித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வினிகர் ஊற்றச் சொன்னார். வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் உள்ளேயிருக்கும் ரப்பரையும் பூச்சையும் அது வாழவிடாது, ஊற்றவே கூடாது என்கிறது கையேடு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகாது: உப்பு இல்லையே தவிர, அழுக்கும் பாசியும் அதில் உண்டு. பெட்டியில் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. தொட்டியை நிரப்பி, டயலை உச்சத்தில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே பெட்டியைப் படுக்கைவாக்கில் பிடித்துக் குமிழை அழுத்தி முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். புஸ்ஸென்று ஆவியும் கொதிநீரும் வெள்ளைப் பொருக்குகளும் கொட்டின. வீட்டார் கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். ஆவிக்கு நடுவே நான் மட்டும் மூக்குக்கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல், வெற்றி வீரனாக நின்றேன். முடிந்ததும் பழந்துணியில் ஓட்டி மிச்சத் துகளைத் துடைத்தெடுக்க வேண்டும். முதல் துணியாகப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுப்பவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது. பழந்துணியாக என் பனியனை மனைவி எடுத்துக்கொடுத்தாள். அது பழையது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்தது அடித்தட்டு. அம்மாவின் பருத்திப் புடவைக் கஞ்சி தீய்ந்து காவி நிறத்தில் அப்பியிருந்தது. பூச்சில்லாத உலோகத் தட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. சூடான தட்டில், இடுக்கியால் பிடித்துக்கொண்டு பாரசிட்டமால் மாத்திரையைத் தேய்ப்பது. 169 டிகிரியில் அது உருகும். கறை இளகும்போது துணியால் துடைத்துவிடலாம். (ஜன்னலைத் திறந்து வைக்கவும், புகை நாறும். ஒட்டாத பூச்சுத் தட்டு என்றால் இந்த விளையாட்டு வேண்டாம், பெட்டி ஆறிய பின் ஈரத்துணியும் சமையல் சோடாவும் போதும்.) நான் மாத்திரைப் பட்டையைப் பிரித்ததைப் பார்த்துவிட்டு, "ஏங்க, பெட்டிக்குக் காய்ச்சலா?" என்றாள் மனைவி. "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள் மகள். குடும்பமே சிரித்தது. தட்டு பளபளத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் சுண்ணாம்பு முன்னைவிட வேகமாக வந்தது. மறுபடி குமிழ், மறுபடி புஸ். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தேன்; தயாரித்தவனைச் சந்தேகித்தேன்; மச்சான் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒருநாள் காலையில் அம்மா பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்துதான் ஊற்றினார், சந்தேகமில்லை. ஆனால் குடிக்கும் குழாயிலிருந்து அல்ல; கழிவுக் குழாயின் கீழே வீடு துடைக்க வைத்திருந்த வாளியிலிருந்து. இயந்திரம் வடிகட்டிய உப்பையெல்லாம் அந்த வாளியில்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. அதாவது, குழாய்த் தண்ணீரைவிடக் கெட்டியான தண்ணீரை நாங்கள் மெனக்கெட்டுத் தயாரித்துப் பெட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, இது கழிவுத் தண்ணி!"

"ஆர்.ஓ. தண்ணின்னுதானேடா சொன்ன? எந்தக் குழாய்னு சொன்னியா? காசு போட்டு வடிகட்டுன குடிதண்ணியத் துணிக்கு எவனாவது ஊத்துவானா?"

கையேட்டில் எங்கள் அம்மாவுக்கென்று ஒரு பக்கம் இல்லை.

மனைவி சமாதானத்துக்கு வந்தாள். "விடுங்க. அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றாராம். ஒரு கேன் சிறுவாணி கொண்டுவரச் சொல்லிட்டேன்."

தோல்விதான். ஆனாலும் விஞ்ஞானம் ஜெயித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "நல்லது. பெட்டிக்கு அதைவிட உத்தமமான தண்ணி கிடையாது."

"பெட்டிக்கு யாரு சொன்னா? அது அத்தைக்குக் குடிக்க. அதைக் குடிச்சுக்கிட்டு அவங்க மிச்சம் பண்ற ஆர்.ஓ. தண்ணிதான் பெட்டிக்கு. அத்தையே ஒத்துக்கிட்டாங்க."