மாப்ளே, நான் மேல வரல

மாப்ளே, நான் மேல வரல. கோவிச்சுக்கிடாத. எனக்கு வயசு 84, உன் வீடு மூணாவது மாடி. ரெண்டும் ஒத்துப்போகாது. இந்தா, வாட்ச்மேன் நாற்காலி நல்லாத்தான் இருக்கு. ஒரு கால் ஆடுது. ஆடட்டும், எனக்கும் ஆடத்தான செய்யுது. காரு நிறுத்துற எடத்துல காத்து என்னமா வருது! நல்ல எடத்தக் காருக்குக் குடுத்துட்டு மனுசங்க எல்லாம் மேல ஏறி உக்காந்துக்கிட்டீக. நாங்களும் மாட்டுக்குத் தொழுவம் கட்டுறவுகதான். ஆனா தொழுவத்து மேல வீட்டக் கட்டுனதில்ல.

நீ அசோசியேசன் செக்ரட்டரி ஆயிட்டன்னு உங்கம்மா போன்ல சொன்னா. பேங்குல இருந்து ரிட்டயரான கைக்கு ஏதாச்சும் வேல வேணும்ல. நாளைக்கு வருசக் கூட்டம், "மாமா, நீங்களும் வந்து ரெண்டு வார்த்த பேசுங்க"ன்னு கூப்புட்ட. அந்த ரெண்டு வார்த்தைய இங்கனயே சொல்லிர்றேன். அங்க வந்து சொன்னா மைக்கப் புடுங்கிருவாக.

என்ன யோக்கியதையில பேசுறேன்னு கேப்பாக. உங்க அண்ணா நகர், நகரா ஆகுறதுக்கு முந்தியே பாத்தவன் நானு. 1968-ல உலகத் தமிழ் மாநாட்டப் பாக்கணும்னு ஊர்ல இருந்து கெளம்பி வந்தோம். அந்த வருசந்தான் இங்க பொருட்காட்சி போட்டாக. அப்ப இதுக்குப் பேரு நடுவக்கரை. 12 அடுக்கு, 135 அடியில ஒரு கோபுரம் நிக்கிது. "எந்தச் சாமிக்குப்பா?"ன்னு கேட்டேன். சாமி இல்ல, இஞ்சினியர் விசுவேசுவரய்யா பேருல கட்டுனதுன்னாக. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி மேல ஏறுனேன். சுத்தி வெட்டவெளி. 'இங்க எவன் வந்து குடியிருக்கப் போறான்'னு கூட வந்தவன்கிட்ட சொன்னேன். என் சோசியம் எப்பவும் அப்படித்தான்.

பின்னால ஹவுசிங் போர்டு வந்து கோடு போட்டுச்சு. 1974-ல உங்கப்பாவுக்கு மனை கெடச்சு வீடு கட்டி, பால் காய்ச்ச என்னையக் கூப்புட்டாக. பஸ்ஸ விட்டு எறங்கி ஒரு மணி நேரம் சுத்துனேன். எங்க ஊர்ல மேலத்தெரு, கீழத்தெரு, செக்கடித் தெரு. இங்க ஏ பிளாக், பி பிளாக்னு ஆரம்பிச்சு, இசட் முடிஞ்சும் வீடு முடியல, திரும்ப ஏ.ஏ., ஏ.பி.ன்னு ரெட்டை எழுத்து. இங்கிலீசுக்காரன் இன்னும் நாலு எழுத்து கண்டுபிடிச்சிருக்கலாம். போதாததுக்கு பிளாட் நம்பர், பழைய நம்பர், புது நம்பர்னு ஒரு வாசலுக்கு மூணு ஜாதகம். ஆனா ஒண்ணு கவனிச்சியா? அம்புட்டு எழுத்து போட்டும், இன்னைக்கும் ஆட்டோக்காரன்கிட்ட வழி சொல்லணும்னா ரவுண்டானா, சிந்தாமணி, புளூ ஸ்டார்னுதான சொல்லுறீக? தெருவுக்குப் பேரு வைக்கிறது ஆபீசு வேலையில்லப்பா. அது தானா வந்து ஒட்டிக்கிடும்.

அன்னைக்கு இந்தத் தெருவுல இருந்தவுக எல்லாம் முப்பதச் சுத்துன வயசு. வீட்டுக்கு ரெண்டு மூணு பிள்ளைக. நீ ரெண்டாப்பு படிச்ச, மூக்க ஒழுக விட்டுக்கிட்டு. பிளாக்குக்கு ஒரு பார்க்கு, பார்க்குக்கு நாலு ஊஞ்சல், பள்ளிக்கூடத்துக்கு எடம், ரேசன் கடை எல்லாம் கணக்காத்தான் போட்டிருந்தாக. ஒரே ஒரு கணக்கத்தான் விட்டுட்டாக. இதுக பூராவும் ஒரே நேரத்துல கெழமாகும்னு எவனும் எழுதல. எங்க ஊர்ல கெழவன் சாக, பிள்ள பொறக்க, மருமக வர, எப்பவும் கலந்து கட்டித்தான் இருக்கும். ஒரே நாள்ல நட்ட நாத்து இது. ஒரே நாள்லதான் பழுக்கும்.

இப்ப பார்க்குக்குப் போய்ப் பாரு. ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிச்சுக் கெடக்கு. பக்கத்துல எட்டு மாதிரி கல்லுப் பதிச்ச பாதை. அதுல நிக்க எடமில்ல. லைசென்சு வாங்கப் போறவன் போட்ட எட்ட, சர்க்கரைக்காரன் போட்டுக்கிட்டு இருக்கான். பிள்ளைக அமெரிக்காவுல, அம்மா இங்க பால்கனியில. முன்னால பள்ளிக்கூடப் பையி வித்த கடையில இன்னைக்கு பெரியாளுக்கு மாட்டுற டயாப்பர் விக்கிறான். ஊரு மாறிருச்சுன்னு மொதல்ல கண்டுபிடிக்கிறது கடைக்காரன்தான். கடைசியாக் கண்டுபிடிக்கிறது சங்கம். உன் அறிக்கைய வாசிச்சேன், ராசா. இந்த வருசச் சாதனை: எட்டு கேமரா. அதுல யாரு தெரியுறா? வாட்ச்மேனும் நாயும். நடக்க முடியாதவுக தெருவுல கள்ளன் வந்தா ஓடிப்போய்ப் புடிக்கவா போறீக? தெளிவாப் படம் எடுத்து வாட்சப்புல போடுவீக.

நான் ஒரு யோசனை சொல்றேன், சிரிக்காத. காலையில ஒரு ஸ்கூல் வேன் வருதுல்ல. பிள்ளைகள எறக்கி விட்டுட்டு சாயந்தரம் வரைக்கும் வேப்ப மரத்தடியில டிரைவரு தூங்குறாரு. அந்த வேன 10 மணிக்கு இங்க கூப்பிடு. கண்ணாசுபத்திரிக்கு நாலு பேரு, ரத்தம் எடுக்க மூணு பேரு, பென்சனுக்கு உசுரோட இருக்கேன்னு காட்ட ரெண்டு பேரு. ஒம்பது டிக்கெட்டு ஆச்சா? இப்ப என்னான்னா, ஆளுக்கொரு ஆட்டோ புடிச்சு, ஒரே ஆசுபத்திரி வாசல்ல எறங்கி, "அட, நீங்களும் வந்தீகளா"ன்னு கேட்டுக்கிறீக.

இனி சாக்கடைக் குழாய்க் கதைக்கு வருவோம். உங்கப்பா வீடு ரெண்டு கிரவுண்டு. வாசல்ல மூணு படி ஏறி உள்ள போனது எனக்கு ஞாபகம் இருக்கு. தெருவுக்குத் தார் போட வந்தவுக, பழசச் சுரண்டாம அது மேலயே போட்டுட்டுப் போனாக. அடுத்த வாட்டி அதுக்கு மேல. நான் வரும்போதெல்லாம் ஒரு படி காணாமப் போகும். கள்ளன் தூக்கிட்டுப் போயிட்டானோன்னு நெனச்சேன். கடைசியில தெரு மேட்டுல, வீடு பள்ளத்துல. ஒரு ஐப்பசியில தண்ணி உள்ள வந்து உங்கம்மா ஆட்டுக்கல்லு மேல நின்னா. 1992-ல வீட்ட பில்டருக்குக் குடுத்து ஒம்பது பிளாட்டு ஆக்குனீக. சரி. ஒரு குடும்பம் இருந்த எடத்துல ஒம்பது குடும்பம். ஆனா தெருவுல புதைச்ச சாக்கடைக் குழாயி, மச்சான் ஒருத்தரு குளிச்சு விட்ட தண்ணிக்குப் போட்டதுதான? பக்கத்து மனைக்காரவுகளும் இதையேதான செஞ்சிருக்காக. மழை வந்தா வடிகால்ல போக வேண்டிய தண்ணிய, சீக்கிரம் வடியட்டும்னு சாக்கடை மூடியத் தொறந்து உள்ள விடுறீக. அது சும்மாவா இருக்கும்? நாலு வீடு தள்ளி ஒருத்தர் குளிக்கிற ரூம்புல எந்திரிச்சு வந்து வணக்கம் சொல்லுது. எங்க ஊர்ல அடுத்தவன் வயல்ல தண்ணிய வெட்டி விட்டா வெட்டுக்குத்து நடக்கும். இங்க சத்தமே இல்ல. அதான் நாகரிகம்.

மழைத்தண்ணியச் சேமிக்க 2003-ல வீட்டுக்கு வீடு குழி தோண்டச் சொன்னாகல்ல? உங்க குழி எங்கன்னு வாட்ச்மேனக் கேட்டேன். இந்தா, நான் உக்காந்திருக்கிற எடந்தானாம். மேல பளபளன்னு டைல்சு. கால்ல மண்ணு ஒட்டல. மழைத்தண்ணியும் ஒட்டாது. அப்புறம் 2019-ல என்ன ஆச்சு? ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல, 25 லட்சம் லிட்டரு தண்ணி, 200 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி வில்லிவாக்கத்துல வந்து எறங்குச்சு. பேப்பர்ல படம் பாத்தேன், ரயிலுக்கு வாழை மரமெல்லாம் கட்டியிருந்தாக. எங்க ஊர்ல மாட்டு வண்டியில தண்ணி கொண்டாந்தா அதுக்குப் பேரு பஞ்சம். உங்க ஊருக்கு ரயில்ல வந்தா அதுக்குப் பேரு திட்டம்.

கரண்டு சமாச்சாரத்த நான் பேசல. அன்னைக்கு ரெண்டு காத்தாடி, இன்னைக்கு ரூமுக்கு ஒரு ஏசி. கரண்டுப் பெட்டிய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நடைபாதையில வச்சிருக்காக. போதும்.

ஒரு விசயத்துக்கு அந்தக் கோடு போட்ட மனுசனக் கும்புடணும், மாப்ளே. அவரு கஞ்சனில்ல. 1974-ல ரெண்டாவது அவென்யூவப் பாத்துட்டு உங்கப்பாகிட்ட கேட்டேன்: "என்ன மச்சான், ஊர்ல மொத்தமே நாலு காருதான் ஓடுது, நாலு தேரு ஒண்ணாப் போற மாதிரி விட்டிருக்காகளே, வீண் இல்லையா?" மச்சான் சிரிச்சாரு. அந்த வீண்தான் உங்களுக்கு விதைநெல்லு. அந்த அகலத்துலதான் மரம் வச்சீக. அந்த அகலத்துக்கு அடியிலதான் மெட்ரோக்காரன் வளை தோண்டி, 2017-ல பாதாளத்துல ரயில் விட்டான். குறுகலான தெருவா இருந்தா எத்தனை வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில பூந்திருப்பானோ! 2012-ல மேம்பாலத்துக்காக அண்ணா வளைவ இடிக்க ஆரம்பிச்சு, அப்புறம் வேணாம்னு நிறுத்தி, மறுபடி சரி பண்ணி நிக்க வச்சாகல்ல? அதையும் எடமிருந்ததாலதான் செய்ய முடிஞ்சது.

விதைநெல்ல என்ன பண்ணுறீக? பொங்கித் திங்கிறீக. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காரு. நடைபாதைய வேலி போட்டு அடைச்சு, உள்ள ரோசாச் செடி. கேட்டா தோட்டமாம். கம்மாக்கரைய ஆக்கிரமிக்கிற வித்தைய கண்டுபிடிச்சது எங்க ஊர்க்காரன். அதுல பட்டம் வாங்குனது நீங்க. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலயும் காரு ஏற ரோடு வரைக்கும் சிமிட்டிச் சறுக்கு. காரு சொகமா ஏறுது. கெழவி மட்டும் எறங்கி ரோட்டுல நடக்குறா. கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஞாயித்துக்கெழம காலையில ரெண்டாவது அவென்யூவ அடைச்சு ஆட்டம் பாட்டம் வச்சாகளாம். உங்கம்மா சொன்னா. ரோட்டுல நடக்குறதே ஒரு திருவிழாவாப் போச்சு பாத்தியா!

நீயாச்சும் நாளைக்கு உன் ரோசாச் செடிய எடுத்துட்டுப் பேசு. உன்னுதுதான அது, கேட்டுக்கு இடது பக்கம்? மொகத்தத் திருப்பாத.

இனி லிப்ட்டு. ஒம்பது வீட்டுல மேல் ரெண்டு மாடி ஆறு பேரும் வேணுங்குறாகளாம். மொத மாடி மூணு பேரும், எங்களுக்கு எதுக்கு, நாங்க ஏன் காசு தரணும்னு நிக்கிறாகளாம். இடிச்சுக் கட்டுறதுன்னா மூணுல ரெண்டு பங்கு ஆளு ஒத்துக்கிட்டாப் போதும்னு 2022-ல சட்டம் போட்டாச்சுன்னும் நீதான் சொல்லுற. அப்ப ஆறு பேரு சேந்தா கட்டடத்தையே இடிக்கலாம், ஆனா ஒரு லிப்ட்டு வைக்க ஒம்பது பேரும் மனசு வைக்கணும். நல்லாருக்கு நாயம்.

எங்க கம்மாவுல குடிமராமத்துன்னா வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும். மடைக்குப் பக்கத்து வயக்காரன், "எனக்கு எப்படியும் தண்ணி பாயும், நான் ஏன் வரணும்"னு ஒரு வருசம் கேட்டான். யாரும் சண்ட போடல. நீர்பாய்ச்சி மட்டும், "சரிங்கய்யா, உங்க வயலத் தாண்டித்தான் வாய்க்கா போகுது, அத மட்டும் தூத்துறாம வச்சுக்கங்க"ன்னான். மறுநா மம்பட்டியோட வந்துட்டான். நீ மொத மாடிக்காரவுக கிட்ட காசு கேக்காத. மூணு பேருக்கும் என்ன வயசுன்னு கேளு. அவுகளுக்கு மொழங்காலு எப்படி இருக்குன்னு கேளு. மொத மாடிக்கும் 18 படி இருக்கு, நான் எண்ணிட்டேன். பாதாளத்துல ரயிலேறப் போறவனுக்கு லிப்ட்டு வச்சிருக்கான், நகருற படி வச்சிருக்கான். அங்க ஒரு ரூம்பு வாடகைக்குக் குடுப்பானான்னும் விசாரிச்சுப் பாரு, எனக்கு.

முன்னெல்லாம் கோயம்பேட்டுல எறங்குனா கூப்புடு தூரம், உங்கம்மா கையால காப்பி ஆறாது. இப்ப பஸ் ஸ்டாண்ட கெளாம்பாக்கத்துல வச்சுட்டாக. அங்கருந்து இங்க வாரதுக்குள்ள பாதி விருதுநகரு போயிரலாம்போல இருக்கு. அம்புட்டுத் தூரம் வந்தும் தங்கச்சி மொகத்த இன்னும் பாக்கல. அவ கீழ எறங்கி நாலு மாசம் ஆச்சுங்குற. அவளால எறங்க முடியாது, என்னால ஏற முடியாது. நடுவுல நீ செக்ரட்டரி.

சத்தம் போடாத, மேல பாரு. பால்கனியில நிக்கிறா. கயித்துல கூடையக் கட்டி எறக்குறா பாரு. ஏம்மா, மெதுவா, மெதுவா! மொத மாடிக்காரரு துணி காயப் போட்டிருக்காரு, அதுல மாட்டிக்கிடப் போகுது... ஆங், வந்துருச்சு. தூக்குச்சட்டியில கம்மங்கூழு, மோரு மொளகா, என் மருந்து டப்பா. துண்டுச் சீட்டு வேற வச்சிருக்கா. கண்ணாடி இல்ல, நீயே படி, மாப்ளே. "அண்ணே, வெறும் கூடைய அனுப்பாத, அந்த ஸ்கூல் வேன் டிரைவரு நம்பர வாங்கிப் போட்டு அனுப்பு"ன்னா எழுதியிருக்கா?