தலைவர் வீட்டுக்காரர்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று உப்பிலியபுரம் பக்கத்து அரசுப் பள்ளி எதிலாவது எட்டிப் பாருங்கள், அவர் இருப்பார். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்சின் பை. குழுவில் அவர் பெயர் கிடையாது. அவர் சம்சாரம்தான் தலைவர். இவர் தலைவர் வீட்டுக்காரர்; அது தனிப் பதவி.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். 2022இல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவரும் அவர்களில் ஒருவர்தான். சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாரே, அதை யோசிக்கவில்லை.

"அவ வெங்காயக் காட்டுல இருக்கா டீச்சர், வந்துருவா. நாம ஆரம்பிச்சிரலாம்."

ஆரம்பித்தால் பேச்சில் முதலில் அவர் தாத்தா வருவார். 1950களின் கடைசியில், காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினாரே, அதில் தாத்தா இரண்டு பெஞ்சு கொடுத்தாராம். போன கூட்டத்தில் அது நான்கு பெஞ்சு. அடுத்து வாசலுக்கு ஒரு வளைவு கட்டுவதுபற்றிப் பேச்சு. வளைவில் யார் பெயர் என்று அவர் சொல்வதில்லை, நாகரிகம் தெரிந்தவர்.

தலைமை ஆசிரியை பேச வைத்திருந்த பொருள் ஒன்றே ஒன்று: பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது.

"குழாயா? எம்.எல்.ஏ. கிட்டப் பேசிடறேன். மனு ஒண்ணு ரெடி பண்ணுங்க."

சேலை முந்தானையில் செம்மண்ணோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த தலைவர் மெல்லச் சொன்னார்: "அது காலையிலயே மாத்தியாச்சுங்க டீச்சர். நேத்து துறையூர் போனப்ப வாங்கியாந்தேன். நூத்தி அறுபது ரூவா."

"நாந்தான் வாங்கச் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர், கண் இமைக்காமல்.

தீர்மானப் பதிவேடு வந்தது. இந்த ஓர் இடத்தில்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்துத் தலைவருடையதாக இருக்க வேண்டும். பெருமையோடு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். எழுதவில்லை. உதறிப் பார்த்து அடுத்ததை நீட்டினார். அதுவும் எழுதவில்லை.

தலைவர் வாசலில் நின்றிருந்த மகளைக் கூப்பிட்டு, அவள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார்.