வழியில் நின்றுவிட்டால்?

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்கு மின்சாரக் காரில் குடும்பத்தோடு போகலாமா? நடுவழியில் நின்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமாகப் போகலாம். 1888-ல் ஜெர்மனியில், கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு காரில் கிளம்பியபோது உலகத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை நீக்க விற்ற லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார் அந்த அம்மா! உங்களுக்குத் திருச்சி நெடுஞ்சாலையில் சார்ஜர்களே காத்திருக்கின்றன.

மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு பேட்டரியை உறிஞ்சிவிடும். 80-ல் நிதானமாகப் போனால் கூடுதல் தூரம் கிடைக்கும். வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். அதற்குமேல் பேட்டரியைக் காப்பாற்ற மின்சாரம் குறைந்துவிடும், காத்திருக்க வேண்டாம். விழுப்புரத்தில் டிபன், திருச்சியில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்கும் அதே பந்தியில் இலை போட்டுவிடலாம்.

ஒரு சார்ஜர் பழுதாகியிருந்தாலும் அடுத்ததற்குப் போகத் தெம்பு வேண்டும். எனவே 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சார்ஜிங் செயலிகளை வீட்டிலேயே இறக்கி, பணமும் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.