எஞ்சினுக்கு முதல் மரியாதை

கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்ற தகராறில் நம்மூரில் மண்டை உடைந்திருக்கிறது, கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் என்ற ஊரில், இந்த வம்பெல்லாம் இல்லை. நல்ல தண்ணீர் முதலில் யாருக்கு என்ற கேள்வி 2014-ல் வந்தபோது வரிசை தானாகவே அமைந்துவிட்டது. முதலில் கார் எஞ்சின், அடுத்து அரசு ஊழியர், கடைசியில் குழந்தைகள்.

ஃபிளின்ட் லேசுப்பட்ட ஊரில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1908-ல் பிறந்தது அங்கேதான். ஒரு காலத்தில் ரெண்டு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். கம்பெனி ஒவ்வொரு ஆலையாக மூட மூட, சுமார் ஒரு லட்சம் பேர் மிஞ்சினார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். பத்தில் நாலு பேர் வறுமையில். தண்ணீர்க் குழாய்கள் மட்டும் பழைய ரெண்டு லட்சம் பேருக்குப் போட்டபடியே கிடந்தன.

கஜானா காலி. ஆளுநர் ரிக் ஸ்னைடர், ஊரை நிர்வகிக்க 'அவசரகால மேலாளர்' என்று ஓர் ஆளை அனுப்பினார். அந்த மேலாளர் வைத்ததுதான் சட்டம். மேயரும் கவுன்சிலும் உற்சவமூர்த்திகள். தூக்கிக்கொண்டு போனால் ஊர்வலம் வரலாம். இந்த ஏற்பாடு வேண்டாமென்று மாநில மக்கள் 2012 நவம்பரில் ஓட்டுப்போட்டு சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். டிசம்பரில் சட்டசபை ஏறக்குறைய அதையே வேறு எண்ணில் திரும்பக் கொண்டுவந்தது. இம்முறை உள்ளே ஒரு நிதி ஒதுக்கீட்டையும் செருகிவிட்டார்கள். பணம் ஒதுக்கிய சட்டத்தை மக்கள் ஓட்டெடுப்பில் ரத்து செய்ய முடியாது. அவுட் ஆன பையன் "பேட் என்னுது, அது நோ பால்" என்பானே, அந்த ரகம்.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக ஃபிளின்ட் குடித்தது டெட்ராய்ட் விற்ற ஹியூரன் ஏரித் தண்ணீர். விலை அதிகம். ஏரியிலிருந்து சொந்தமாகப் புதுக் குழாய் போட்டுக்கொள்ளலாம். அது முடியும்வரை ஊருக்குள் ஓடும் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். சுமார் ஐம்பது லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். பல தலைமுறையாக ஆலைக் கழிவைச் சுமந்த ஆறு அது. 2014 ஏப்ரல் 25 அன்று சுத்திகரிப்பு நிலையத்தில் மேயர் டேன் வாலிங் பட்டனை அமுக்கினார். கூடியிருந்தவர்கள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஏந்தி, ஊர் பேரைச் சொல்லி வாழ்த்திக் குடித்தார்கள்.

இங்கே ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அதன்மேல் பழி வேண்டாம். இது காரீயம். ஊரின் பிரதான குழாயிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் இணைப்பு ஈயக் குழாயாகத்தான் இருக்கவேண்டும் என்று ஃபிளின்ட் நகராட்சி 1897-ல் விதியே போட்டிருந்தது. ஈயம் வளையும், நீடித்து உழைக்கும். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம் என்பார்கள். பித்தளையும் யோக்கியமில்லை. எட்டு சதவீதம் வரை ஈயம் கலந்த குழாய்த் தலைகளை 'ஈயமற்றது' என்று சொல்லி விற்க, 2014 ஜனவரி வரை அமெரிக்கச் சட்டமே இடம் கொடுத்தது.

அப்படியானால் அதுவரை ஏன் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை? பழகிய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் தண்ணீரில் கொஞ்சம் பாஸ்பேட் கலந்து வரும். அது வருஷக்கணக்கில் குழாயின் உள்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, ஈயத்தைத் தண்ணீரோடு பேசவிடாமல் வைத்திருந்தது. ஆற்று நீரில் குளோரைடு ஜாஸ்தி. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சுத்திகரிப்பில் சேர்த்த ரசாயனமும் அதற்குக் காரணம். புளி போட்டுத் தோசைக்கல்லைத் தேய்த்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. ஆற்று நீரிலும் பாஸ்பேட் கலந்திருக்கலாம். செலவு நாளொன்றுக்கு நூறு டாலர் போல. மாநிலச் சுற்றுச்சூழல் துறை, ஆறு ஆறு மாதமாக ரெண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றது. குடை வாங்கலாமா என்று தெரிந்துகொள்ள ரெண்டு மழைக்காலம் நனைந்து பார்ப்பது.

கோடையில் மலக் கிருமி வந்தது. கொதிக்க வைக்கச் சொன்னார்கள். கிருமியைக் கொல்ல குளோரினைக் கொட்டினார்கள். அதன் துணைப்பொருள்கள் வரம்பைத் தாண்டின. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கையைத் தூக்கியது: இந்தத் தண்ணீர் பட்டால் எங்கள் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன, வேறு தண்ணீர் வேண்டும். உடனே அனுமதி. பக்கத்து டவுன்ஷிப்பிலிருந்து ஏரித் தண்ணீர் ஆலைக்கு வந்தது. நகராட்சிக்கு வருஷம் நாலு லட்சம் டாலர் வருமானம் போனது, பரவாயில்லை என்றார்கள். எஞ்சினிடம் யாரும் "நீ சும்மா பயப்படுகிறாய்" என்று சொல்லவில்லை.

இதே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் இடிக்காமல் ஓட பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தார். அதைத் தயாரித்த தொழிலாளர்கள் செத்து விழுந்தபோது, 1924-ல் பத்திரிகையாளர்கள் முன்னால் அந்த ஈயத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஈய நஞ்சு ஏறி ஓய்வில் போய்வந்தவர் என்பதை அன்று விளம்பரப்படுத்தவில்லை. எஞ்சின் சுகத்துக்காக ஊர் உலகமே ஈயம் சுவாசித்தது. மேயர் வாலிங்கும் 2015 ஜூலையில் டிவியில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். இந்த வித்தைக்கு வயசே ஆவதில்லை.

இரண்டாம் மரியாதை 2015 ஜனவரியில். ஃபிளின்ட்டிலிருந்த மாநில அரசு அலுவலகத்தில் ஊழியர்களுக்குக் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. வெளியே ஊருக்குச் சொன்னது, தண்ணீர் பாதுகாப்பானது என்று. மார்ச்சில் கவுன்சில் 7-க்கு 1 என்று டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பத் தீர்மானம் போட்டது. அப்போதைய மேலாளர் ஜெர்ரி ஆம்ப்ரோஸ் அதைப் புரிந்துகொள்ளவே முடியாத முடிவு என்று ஒதுக்கினார். உற்சவமூர்த்தி ஓட்டுப் போட்டால் வேறென்ன நடக்கும்.

சோதனை நடத்திய அழகைப் பார்க்கவேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் இரவே குழாயைச் சில நிமிஷம் திறந்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்குக் குறிப்பு. தேங்கிய ஈயம் கழுவிப் போய்விடும். பேன் பார்க்கப் போகிறோம், மொட்டை அடித்துக்கொண்டு வா என்பது போல. அப்படியும் 71 மாதிரிகளில் ஈயக் கணக்கு 18 வந்தது. வரம்பு, நூறு கோடியில் 15 பங்கு. ரெண்டு மாதிரியைத் தள்ளினார்கள், 11 ஆனது. தள்ளியதில் ஒன்று லீஆன் வால்டர்ஸ் என்ற ஊர்க்காரரின் வீட்டு மாதிரி, 104. வீட்டில் ஃபில்டர் இருக்கிறது, எனவே செல்லாது என்றார்கள். ஃபில்டர் இருந்தும் 104 என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பிறகு வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் அதே வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது ஒரு மாதிரி 13,200 காட்டியது. 5,000-த்தைத் தாண்டினாலே அபாயக் கழிவு.

ஜூலையில் சுற்றுச்சூழல் துறையின் செய்தித் தொடர்பாளர், ஈயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றார். செப்டம்பர் 24 அன்று குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ரத்தத்தில் ஈயம் கூடிய குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருப்பதை அறிவித்தார். பீதி கிளப்புகிறார்கள் என்றது அரசு. சில நாளில் தன் கணக்கையே திரும்பப் பார்த்து, டாக்டர் சொன்னது சரிதான் என்றது. அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது. செலவு ஒரு கோடியே இருபது லட்சம் டாலர். எஞ்சினுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு வருஷம். இதற்கிடையில் தண்ணீர்க் கிருமியால் வரும் லீஜியனேர்ஸ் என்ற நுரையீரல் நோயில் குறைந்தது 12 பேர் இறந்திருந்தார்கள். அவர்களை வைத்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் என்று தேடப்போனால், பதிவுகள் 45,000 அட்டைகளில், இழுப்பறைகளில், பென்சில் எழுத்தில் கிடந்தன. மக்களுக்கு 62.6 கோடி டாலர் நஷ்டஈடு முடிவானது. ஸ்னைடர் மீது 2021-ல், கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்ததாக ரெண்டு குற்றச்சாட்டுகள். அதிகபட்ச தண்டனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷச் சிறை அல்லது 1,000 டாலர் அபராதம். அந்த அபராதத்தில் பத்து நாளைக்குப் பாஸ்பேட் வாங்கலாம். அதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று மிச்சிகன் உச்சநீதிமன்றம் 2022-ல் சொல்ல, வழக்கு கலைந்துபோனது.