ஃபாரம் சார்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் ஊருக்கு ஒருவர் திடீர் முக்கியஸ்தர் ஆகிவிடுவார். பெரும்பாலும் ரிட்டையர்டு ஹெட் கிளார்க். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஃபாரம் சார் என்றால் பிரவுசிங் சென்டர் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

"பேரு?"

"குமார் சார்."

"உன் பேரை யாரு கேட்டா தம்பி? பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல என்ன பேரு?"

அதில் எஸ். குமார். ஆதாரில் குமார் செல்வம். பான் கார்டில் அப்பா முன்னால் வந்து நிற்கிறார். மூன்றையும் மேஜையில் பரப்பி, பாகப்பிரிவினைக்கு வந்த நாட்டாமை மாதிரி சார் தாடையைத் தடவுவார். தீர்ப்பு என்னவோ என்றைக்கும் ஒன்றுதான்: மார்க் ஷீட்டில் இருப்பவனே குமார்.

பிறந்த தேதியும் அப்படித்தான். ஐப்பசி மழையில் பெற்றேன் என்று அம்மாவே வந்து சத்தியம் செய்தாலும் செல்லாது. பள்ளியில் சேர்க்க வயது பற்றவில்லை என்று ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த மே மாதத் தேதிதான் வேதம். அங்க அடையாளம் கேட்கும் படிவமென்றால், டி.சி.யில் எழுதிய முழங்கை மச்சம் இப்போது இல்லையே என்று ஒரு பெண் தயங்குவாள். "மச்சம் அழியலாம் பாப்பா. டி.சி. அழியக் கூடாது."

நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும், தேர்வுக் கட்டணம் தனி என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் அவர் நிமிர்ந்து உட்காருவது தமிழ்வழிக் கல்விக் கேள்விக்குத்தான்.

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தமிழ் மீடியமா?"

"ஒண்ணாங்கிளாஸ் மட்டும் கான்வென்ட் சார்."

"போச்சு! ஏபிசிடி படிக்கப் போய் 20 சதவீத ஒதுக்கீடு போச்சு!" பையனின் அப்பாவைவிட அவருக்குத்தான் வயிறு எரியும்.

தனியார் கம்பெனி ஃபாரம் வந்தால் மட்டும் சார் தடுமாறுவார். ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு நிரந்தர முகவரியை எழுதச் சொல்வார். எதிர்பார்க்கும் சம்பளம்? "அரசாணைப்படி." உங்கள் பலவீனம் என்ன என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்கு என்ன ப்ரூஃப் வைக்கணும்?" என்பார்.

அவரை நக்கலடிக்கிறவர்கள் ஒருமுறை சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் வரட்டும், அப்புறம் பேசலாம். ஓர் இனிஷியலுக்காக அங்கே விழிபிதுங்கி நிற்பவர்களுக்கு அவர் அருமை தெரியும்.

போகிறவர்கள் கடைசி நாள் சாயங்காலம் போய் நிற்காதீர்கள். சர்வர் படுத்தால் சாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொண்டு போங்கள். காசு வாங்க மாட்டார், ஒரு டீ போதும். சர்க்கரை கம்மி.