பத்து அங்குலத்துக்கு ரெண்டு நூல்

1983இல் கோயம்புத்தூர் காட்டூரில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தபோது எனக்கு மூன்று ஆசைகள் இருந்தன. ஒரு சைக்கிள், சனிக்கிழமை பிடித்தமில்லாத சம்பளம், லேத்துக்கு ஒரு டேப்பர் அட்டாச்மென்ட். சைக்கிள் 85இல் வந்தது. பிடித்தமில்லாத சம்பளம் எப்போதாவது வந்தது. டேப்பர் அட்டாச்மென்ட் போன தை மாதம் வந்தது.

பதினாறு வயதுப் பையனுக்கு இப்படி ஓர் ஆசையா என்று கேட்பீர்கள். அந்தப் பட்டறையில் ஒரு மாதம் காம்பவுண்டு ஸ்லைடைத் திருகிப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

லேத் பிறவியிலேயே நேர்கோட்டுக்காரன். டூலைச் சுமந்து போகும் சேடில், லேத்தின் தண்டவாளமான பெட்டோடு இணையாக ஓடும். டூலும் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்பை, ஒரே பருமனில் சீவிக்கொண்டு போகும். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து வரவேண்டும் என்றால், அதாவது டேப்பர் வேண்டும் என்றால், லேத்தை ஏமாற்ற வேண்டும். ஒரு வழி, டூலைத் தாங்கும் காம்பவுண்டு ஸ்லைடைச் சாய்த்துவைத்து, அதைக் கையால் திருகுவது. இன்னொரு வழி, ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு, ஜாப்பையே கோணலாக ஓட்டுவது. மூன்றாவது வழிதான் அட்டாச்மென்ட். லேத்தின் முதுகுப்பக்கம் ஓர் இரும்புப் பட்டையைச் சாய்வாகப் பூட்டிவிட்டால், சேடில் நகர நகர அந்தப் பட்டை, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். ஆட்டோ ஃபீடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். மேஸ்திரியின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய இங்கிலீஷ் கேட்டலாக்கில் அதன் படம் இருந்தது. அதை நான் சினிமாப் பட நோட்டீஸ் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு அப்போது சோறு போட்டது போர்வெல் டர்பைன் பம்பு. அதில் இம்பெல்லரை ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடிக்க ஒரு டேப்பர் காலெட் வரும். வெளியே சாய்வு, உள்ளே நேர், பக்கத்தில் ஒரு பிளவு. இம்பெல்லரின் துளையிலும் அதே சாய்வு வேண்டும். உள்பக்கச் சாய்வுக்கு டெயில்ஸ்டாக் வித்தை உதவாது. காம்பவுண்டுதான், கைதான். ஃபீடு சீராகப் போகவில்லையென்றால் மேலே வரிவரியாகக் கோடு விழும். சீராகத் திருகினால் கட்டைவிரல் கொப்பளிக்கும்.

நீளமான ஜாப்புக்கு மட்டும் டெயில்ஸ்டாக். அதற்கு மேஸ்திரி ஒரு வாய்பாடு வைத்திருந்தார்: "மூணாம் நம்பர் மோர்ஸ்னா பத்து அங்குலத்துக்கு ரெண்டு நூல், மறந்துராத." மூன்றாம் நம்பர் மோர்ஸ் டேப்பர் அடிக்கு 0.602 அங்குலம் சிறுக்கும். பத்து அங்குல ஜாப்புக்குக் கணக்குப் போட்டால் டெயில்ஸ்டாக்கை நகர்த்த வேண்டியது கால் அங்குலம், அதாவது சரியாக ரெண்டு நூல். அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்.

இந்த மோர்ஸ் என்பவர் ஸ்டீபன் மோர்ஸ், 1863இல் திருகு டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர். அவர் பெயரில் ஓடும் டேப்பர்கள் எல்லாமே அடிக்கு 5/8 அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். சுற்றி மட்டுமே. ஒன்றாம் நம்பர் 0.599, மூன்றாம் நம்பர் 0.602, நாலாம் நம்பர் 0.623, ஐந்தாம் நம்பர் 0.632. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குச் சேராது. ஒரே அளவாக வைத்துத் தொலைத்திருந்தால் என் பால்யத்தில் பாதி அடி குறைந்திருக்கும்.

டெயில்ஸ்டாக்கை நகர்த்துவது பெரிய காரியமில்லை; திரும்ப நேருக்குக் கொண்டுவருவதுதான் பாடு. ஒரு தீபாவளி நேரம், யாரோ நேராக்க மறந்துவிட்டார்கள். அந்த யாரோ நான்தான் என்பது பட்டறையின் தீர்ப்பு. அடுத்து ஓட்டிய 12 ஷாஃப்ட்டும் நேராக இருக்கவேண்டியவை, லேசான டேப்பரில் வந்தன. பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மேஸ்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

முதலாளி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது எவ்வளவு ஆகுமுங்க மேஸ்திரி?"

மேஸ்திரி ஒரு தொகை சொன்னார்.

"அந்தக் காசுக்கு இன்னும் நாலு பையனை வெச்சுக்கலாமுங்களே."

விஷயம் அத்தோடு முடிந்தது. நாலு பையன்களும் வரவில்லை. என் வாரச் சம்பளம் 35 ரூபாய். ஆக, அடுத்த நாலு வருஷமும் அந்த லேத்தின் டேப்பர் அட்டாச்மென்ட் நான்தான்.

அந்த லேத் இப்போது என் வீட்டுப் பின்கொட்டகையில் நிற்கிறது. ஆறடி பெட். பெயர்ப்பலகை பெயிண்டுக்குள் புதைந்துபோய், 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்து மட்டும் கை தடவினால் தெரியும். ஏதோ மில் ஒர்க்‌ஷாப்பில் கழித்துக்கட்டியதை எங்கள் முதலாளி வாங்கினார். அவர் பட்டறையை மூடியபோது பழைய இரும்பு விலைக்கு நான் வாங்கினேன். "இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

போன தை மாதம் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகள் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வேலை என்னவென்று இப்போது ஞாபகமில்லை. கிரில் கேட்டுக்கும் உடைந்த தையல் மெஷினுக்கும் நடுவில் அது கிடந்தது. வழிகாட்டிப் பட்டை, அதன்மேல் நகரும் கட்டை, பெட்டில் பூட்டும் கவ்வி, இழுப்புக் கம்பி, எல்லாம் முழுசாக. ஒரு முனையில் டிகிரி, மறுமுனையில் அடிக்கு எத்தனை அங்குலம் என்று கோடுகள். கடைக்காரர், "தறிச் சாமானுங்க, நல்ல காஸ்டிங்" என்றார். நான் மறுக்கவில்லை. தராசில் 28 கிலோ. நாற்பது வருஷம் ஏங்கிய பொருள் 1,680 ரூபாய்க்கு ஆட்டோவில் ஏறியது.

அது வேறு ஏதோ லேத்துக்குப் பிறந்தது. அதற்குச் சேடிலின் முதுகில் சமதளம் வேண்டும். என் சேடிலின் முதுகைச் சுரண்டினால் பச்சை, அதன் கீழே சாம்பல், அதன் கீழே வெள்ளிப் பெயிண்டு, கடைசியில் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. பட்டியைத் தட்டி எடுத்தால் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. செய்தவன் கடைசல் பிடிக்கவே இல்லை. இங்கே எவனும் எதையும் மாட்டப்போவதில்லை என்று அவனும் எங்கள் முதலாளியைப் போலவே நினைத்திருக்கிறான். மூன்று நாள் அரம், இரண்டு நாள் ஸ்கிரேப்பர். உயரத்தில் 11 மில்லி வித்தியாசம். ஒரு தகட்டைச் சீவி அடியில் கொடுத்தேன். நாலு துளை போட வேண்டும். அட்டாச்மென்ட்டோடு வந்த போல்ட்டு எல்லாம் 3/8 வித்வொர்த், பழைய இங்கிலீஷ் மரை. டேப் வாங்கக் கடைக்குப் போனால் அந்தத் தம்பி, "வித்வொர்த்துன்னா எந்த கம்பெனிங்க?" என்றான். கடைசியில் மேஸ்திரி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன தகரடப்பாவின் அடியில் அது கிடைத்தது, ஒரு பல் உடைந்து.

பிறகு, கிராஸ் ஸ்லைடின் நட்டைக் கழற்ற வேண்டும். இந்த ரக அட்டாச்மென்ட்டில் ஸ்லைடை இழுப்பது பட்டையின் வேலை. ஸ்குரூ பிடித்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. கழற்றியதும் ஸ்லைடு விரல் பட்டாலே வழுக்கியது. ஆயுசெல்லாம் இறுக்கமாகத் திருகிய கைப்பிடி சும்மா கிர்ரென்று சுற்றியது. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இனி வெட்டின் ஆழத்தைக் கொடுக்கக் காம்பவுண்டை 90 டிகிரி திருப்பிவைத்து அதைத்தான் திருக வேண்டும். எந்தக் கைப்பிடியிடமிருந்து தப்பிக்க இதை வாங்கினேனோ அதே கைப்பிடி.

கோணம் வைக்க அந்தக் கோடுகளை நான் நம்பவில்லை. ஒரு டிரில் சக்கின் புது ஆர்பர் வாங்கிவந்து, ஜாப்பின் இரு முனையையும் தாங்கும் சென்டர்களுக்கு நடுவில் மாட்டி, டூல் போஸ்ட்டில் டயலைக் கட்டி, அதன் மூக்கை ஆர்பரின் சாய்வில் வைத்துச் சேடிலை நகர்த்தினேன். முள் 14 கோடு ஓடியது. பட்டையை ரப்பர் சுத்தியால் செல்லமாக ஒரு தட்டு. 6 கோடு. இன்னொரு தட்டு. அந்தப் பக்கம் 3. மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது, சேடில் சாய்வு முழுக்கப் போய்வந்தும் முள் அசையாமல் நின்றது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கொட்டகையில் பூனைதான் இருந்தது.

முதல் ஜாப்பைப் போட்டேன். டேப்பர் துளையுள்ள ஸ்லீவில், தொடும் இடம் தெரிய நீலம் தடவிச் சொருகினால், சிறுத்த முனை மட்டும்தான் தொடுகிறது. டூல் சென்டருக்கு ஒரு மில்லி கீழே இருந்தது. கண்ணாடி போடாமல் வைத்ததன் பலன். இரண்டாவது ஜாப்பில் ஆரம்பத்து மூன்று நூல் நேராக வந்து, அப்புறம்தான் சாய்ந்தது. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் ப்ளே. ஜாப்பைத் தொடுவதற்கு அரை அங்குலம் முன்பிருந்தே சேடிலை ஓட்டினால் அந்தத் தளர்ச்சி ஏறிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேஸ்திரிக்கே தெரிந்திருக்காது. அவர் பார்த்ததும் படம்தானே.

அன்று சாயங்காலம் தங்கச்சி மகன் வந்தான். குறிச்சி சிட்கோ பக்கம் இரண்டு சிஎன்சி ஓட்டுகிறான். கொட்டகைக்குள் எட்டிப்பார்த்து, "என்னங் மாமா இது, புது பேய் மாதிரி?" என்றான். சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எனக்கு ஒரே வரி மாமா. ஜி ஒன்னு, எக்ஸ் இவ்வளவு, இசட் இவ்வளவு. நாப்பது செகண்டு."

"எனக்குப் பத்து நாள்" என்றேன்.

அவன் பையிலும் ஒரு டேப்பர் இருந்தது. அவன் வந்த காரியமே அதுதான். "கோணம் கரெக்டுங் மாமா. ஆனா ஸ்லீவுல முக்கால் மில்லி வெளிய நிக்குது." டூலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூக்கில் 0.8 உருட்டு. "இந்த மூக்கைக் கணக்குல சேத்தியா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டான். மெஷினில் அதற்கென்று ஜி42 என்று ஒரு கட்டளை இருக்கிறதாம், அடிக்க மறந்துவிட்டானாம். பட்டறைக்குப் போன் போட்டான், அங்கிருந்த பையன் ஒரு வரி சேர்த்தான், கதை முடிந்தது. என் ஒரு மில்லித் தப்பைச் சரிசெய்ய எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

போகும்போது, "ஆர்டர் ஏதாச்சும் இருக்குதுங்களா மாமா?" என்றான். இல்லை. காலெட்டோ, ஷாஃப்ட்டோ என் கொட்டகையைத் தேடி ஒன்றும் வருவதில்லை. டேப்பர் வேண்டிய காலத்தில் அட்டாச்மென்ட் இல்லை.

வந்த அட்டாச்மென்ட்டைச் சும்மா வைத்திருக்க மனசில்லாமல் தினமும் ஒரு சென்டர் கடைகிறேன். மூன்றாம் நம்பர் மோர்ஸ், ஈஎன் எட்டு இரும்பு, நீலம் முழுசாகத் தொடுகிறது. இதுவரை ஏழு ஆகிவிட்டது. பழைய லேத் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஒன்று மட்டும்: சூடேற்றிக் கடினப்படுத்தவில்லை. ஹெட்ஸ்டாக்கில் போடுங்கள், ஜாப்போடு சேர்ந்து சுற்றும், தேயாது. டெயில்ஸ்டாக்கில் போட்டால் பத்து நிமிஷத்தில் கருகிவிடும்.