கால் கிளம்பட்டும், மனசு வரும்

கேள்வி: தினமும் நடைப்பயிற்சி போகவேண்டும் என்று பொங்கலிலிருந்து நினைக்கிறேன். மனசே வரவில்லை. ஆர்வம் வர என்ன வழி?
– வாசகி, புள்ளலூர்

பதில்: மனசு வரட்டும் என்று காத்திருந்தால் அடுத்த பொங்கல்தான் வரும். மனசை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் பின்னாலேயே ஓடிவரும். போய்ச்சேர ஓர் இடம் இருந்தால் போதும். உங்களுக்கா இடமில்லை? 1780 செப்டம்பர் 10-ல் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்த ஊராயிற்றே! அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, மகேந்திரவர்மனின் பல்லவப் படை சாளுக்கியரோடு மோதிய மண். வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வரை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். வரலாற்றுப் பாடமும் ஆயிற்று.

பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்கக் கிளம்பிய கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகத்தில். அரைமணி வீதம் ஐந்து நாள். களையெடுக்கப் போகிறவர் என்றால் அந்த உழைப்பும் சேர்த்திதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலையே, பக்கத்து வீட்டு அக்காவையும் எழுப்பிக்கொண்டு கிளம்புங்கள்.